சட்டம் அறிவோம்: மதிப்பீட்டு மோசடியும் மூன்றாண்டுக் கெடுவும்

நம்முடன் திருச்சியில் பணியாற்றிய ஆசிரியை ஒருவருக்குத் திருவரங்கத்தில் தந்தைவழி வீடு ஒன்று இருந்தது. 2009இல் பாகம் பிரித்தபோது, தம்பி அமர்த்திய மதிப்பீட்டாளர் கட்டடம் பழுதுற்றது என எழுதி, பின்மனையையும் கணக்கில் சேர்க்காமல் விட்டார். அத்தொகையை நம்பி ஆசிரியை விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். 2016இல், அதே மதிப்பீட்டாளர் அதே மாதத்தில் தம்பியின் வங்கிக் கடனுக்காக எழுதிய மற்றோர் அறிக்கை அவர் கைக்குக் கிட்டியது. அதில் மதிப்பு ஏறத்தாழ இரு மடங்கு. "உடன்பிறந்தவன் மேல் வழக்கா, டீச்சர்?" என்று நம்மிடம் கேட்டவர், அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். 2020 தொடக்கத்தில் வழக்கறிஞரை நாடியபோது கெடு கடந்திருந்தது.

1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரும் வழக்குக்கு மூன்றாண்டே கெடு. மதிப்பீட்டாளரிடம் இழப்பீடு கோருவதற்கும் பொதுவாக அவ்வளவே. மோசடியால் உண்மை மறைக்கப்பட்டிருப்பின் 17ஆம் பிரிவு துணை நிற்கிறது. மோசடியை அறிந்த நாள் முதலே காலம் ஓடத் தொடங்கும். ஆதலால் ஆசிரியைக்குக் காலம் ஓடத் தொடங்கியது 2009இல் அன்று, 2016இல். 2019இல் அது முடிந்தது.

அப்பிரிவில் கூர்ந்து நோக்கத்தக்க தொடர் ஒன்றுண்டு. 'அறிந்த நாள்' மட்டுமன்று, தக்க முயற்சி செய்திருந்தால் 'அறிந்திருக்கக்கூடிய நாள்' என்பதும் அங்கே உள்ளது. பின்மனையின் அளவு மூலப்பத்திரத்திலேயே இருந்தது. நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். "2009லேயே பார்த்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. பத்திரத்தைப் படியாமல் கையொப்பமிடும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டன்றோ!

பிழையாகக் கணக்கிடுவது வேறு, அறிந்தே பொய் எழுதுவது வேறு. வெறும் கவனக்குறைவுக்கு மோசடிக்குரிய இச்சலுகை இல்லை. ஐதராபாத் வங்கியொன்றின் வீட்டுக்கடன் வழக்கில், சட்டக் கருத்துரை வழங்கிய வழக்கறிஞர் மீதான குற்ற நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்துச் செய்தது. கவனக்குறைவு மட்டுமே சதியாகாது என்றது. இவ்வளவுகோல் மதிப்பீட்டாளர்க்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. ஆசிரியையிடமோ ஒரே கையெழுத்தில் இரு அறிக்கைகள் இருந்தன!

வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவதாலோ, 'பேசித் தீர்ப்போம்' என்ற வாய்ச்சொல்லாலோ காலம் நில்லாது. மேல்முறையீட்டுக்குரிய தாமத மன்னிப்பும் மூல வழக்குக்கு இல்லை. எதிரி வாய் திறவாவிடினும், கெடு கடந்த வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தே ஆகவேண்டும்.

குற்ற வழக்கின் நிலை வேறு. ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய ஏமாற்றுக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. அவ்வாயில் ஆசிரியைக்கு 2020இலும் திறந்தே இருந்தது. தம்பியைக் காவல் நிலையப் படி ஏற்ற அவர் மனம் ஒப்பவில்லை.