வன்தட்டுக்கு ஒரு பூட்டு

கணினியை இயக்கியதும் அது கடவுச்சொல் கேட்கிறது. சரியாகச் சொன்னால்தான் உள்ளே விடுகிறது. ஆகவே நம் கோப்புகள் பத்திரமாக உள்ளன என்று எண்ணுகிறோம். மாணவர்களே, இது உண்மையா?

ஒரு திருடன் உங்கள் மடிக்கணினியின் வன்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் பொருத்துகிறான் எனக் கொள்வோம். இப்போது கடவுச்சொல் கேட்பது யார்? ஒருவருமில்லை! கேட்கும் காவலாளி, உங்கள் தட்டிலிருந்த லினக்ஸ் இயக்கமுறைமை. அது இப்போது இயங்கவே இல்லை. கோப்புகளோ திறந்த புத்தகமாகக் கிடக்கின்றன.

இதற்கு வழி, தட்டில் எழுதுவதையெல்லாம் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றி எழுதுவதே. இதுவே மறையாக்கம். லினக்ஸில் இதற்கென 'லக்ஸ்' என்னும் முறை உண்டு. 2004-ஆம் ஆண்டு கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் என்பவர் இதை வகுத்தார். லினக்ஸை நிறுவும்போதே இதைத் தேர்ந்தெடுப்பது எளிது.

இங்கே கடவுச்சொல்தான் சாவி என்று நினைத்துவிடாதீர்கள். நிறுவும்போது கணினி தாறுமாறான ஒரு பெரிய எண்ணை உருவாக்குகிறது. தட்டைப் பூட்டும் முதன்மைச் சாவி அதுவே. அந்தச் சாவியைக் கடவுச்சொல்லால் பூட்டித் தட்டின் தொடக்கப் பகுதியில் வைக்கிறது. பீரோச் சாவியைச் சிறு பெட்டியில் வைத்துப் பூட்டுவது போன்றது இது. கடவுச்சொல்லை மாற்றினால் பெட்டியின் பூட்டு மட்டுமே மாறும். தட்டு முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை.

கடவுச்சொல்லைச் சோதிக்கும் கணக்கீடு வேண்டுமென்றே மெதுவாக அமைக்கப்பட்டுள்ளது. ஏன்? ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டைக் கொண்டு 26⁸, அதாவது ஏறத்தாழ 20,900 கோடிச் சொற்களை அமைக்கலாம். விநாடிக்குப் பத்து இலட்சம் சொற்களைச் சோதிக்க முடிந்தால், எல்லாம் இரண்டரை நாளில் முடிந்துவிடும். விநாடிக்கு ஒன்றுதான் என்றால் சுமார் 6,600 ஆண்டுகள் ஆகும்! ஆனால் நான்கு இலக்க எண்ணை வைத்தவரை இந்த மெதுவும் காப்பாற்றாது. 10,000 விநாடிகள், அதாவது மூன்று மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும்.

இப்பூட்டுக்கும் எல்லை உண்டு. கணினி இயங்கும்போது முதன்மைச் சாவி நினைவகத்தில் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் நினைவகச் சில்லிலுள்ள மின்னூட்டம் உடனே மறைவதில்லை; குளிர்வித்தால் இன்னும் நீடிக்கும். இவ்வாறு சாவியை எடுக்க முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினர். ஆகவே வெளியே எடுத்துச் செல்லும்போது கணினியை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்.

மற்றொன்று: கடவுச்சொல்லை மறந்தாலும், தட்டின் தொடக்கப் பகுதி பழுதானாலும் உங்களுக்கும் கதவு திறக்காது. பூட்டு, திருடனையும் சொந்தக்காரரையும் முகம் பார்த்து அறிவதில்லை. எனவே முக்கியக் கோப்புகளின் படியை, பூட்டிய வேறொரு தட்டிலும் வைத்திருங்கள்.

எட்டு எழுத்துக்குப் பதில் பத்து எழுத்து வைத்தால் திருடனின் வேலை எத்தனை மடங்காகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.