கொடைக்கானலில் கேமராவோடு இரண்டு நாள்

சனி, ஞாயிறு போவதென்றால் முதல் வேலை இ-பாஸ்; 2024 மே முதல் அது கட்டாயம். வத்தலக்குண்டு வழியாக ஏறினால் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்துங்கள். 297 மீட்டர் உயரத் தலையாறு அருவி எதிரே தெரியும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் நன்றாக விழும்.

கோக்கர்ஸ் வாக் விடியலுக்குத்தான். தூண் பாறையையும் மதியத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள், பனிமூட்டம் மூடிவிடும். மூட்டத்தைப் படமெடுக்கையில் கேமரா அந்த வெண்மையைச் சாம்பலாக்கிவிடும்; எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டினால் வெள்ளை வெள்ளையாகவே வரும். டிரைபாடில் வைத்தாலும் 2 நொடி டைமர் போடுங்கள், பட்டனை அழுத்தும் அதிர்வுகூடப் படத்தைக் கலைக்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரி சட்டைப்பையில், உடம்புச் சூட்டிலேயே இருக்கட்டும். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், லென்ஸ் தப்பிக்கும். அரை மணி நேரமாவது பையைத் திறக்க வேண்டாம்.

நல்ல கோணம் வேண்டுமென்று தடுப்புக் கம்பியைத் தாண்டவே தாண்டாதீர்கள். ஈரப்பாறை வழுக்கும்.