வா பெடலுக்குள் பேசுவது எது?

கிரைபேபி வா பெடலைக் கவிழ்த்துப் போட்டு நான்கு ரப்பர் கால்களையும் திருகிக் கழற்றினால், அடித்தட்டு கையோடு வந்துவிடும். உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. காயில் பொருத்திய, உள்ளங்கையில் அடங்கும் சர்க்யூட் போர்டு ஒன்று. காலசைவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பல் வைத்த பட்டை. அந்தப் பட்டை சுழற்றும் சின்னப் பல்சக்கரம், சக்கரத்தின் தண்டில் ஒரு பாட் (திருகினால் தடை மாறும் பாகம்), பக்கத்தில் 9 வோல்ட் பேட்டரி. டோனைக் கூட்டும் ஆசையில் இதைத் திறக்கும் கிதார்க்காரர் காதில் முதலில் விழும் அறிவுரை, “காயிலை மாற்று” என்பதுதான்.

ஹேலோ, ஃபேசல் என்று பெயர் வாங்கிய பழைய காயில்களில்தான் அறுபதுகளின் ஓசை குடியிருக்கிறது என்பது வா பெடல் உலகின் ஆழமான நம்பிக்கை. காயிலுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதன் உள்கரு, கம்பியின் தடை, துல்லியமான அளவு எல்லாம் ஓசையைக் கொஞ்சம் தொடும். ஆனால் காயில் தனியாகப் பாடுவதில்லை. 500 மில்லிஹென்றி காயிலும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒத்ததிரும் இடம், கணக்குப் போட்டால், ஏறக்குறைய 2,250 ஹெர்ட்ஸ். பெடலை முன்பக்கம் முழுக்க அழுத்தும்போது கூர்மையாகக் கேட்பது அதுதான். குதிகாலைச் சாய்க்கச் சாய்க்க, பாட் வழியாக வேலை செய்யும் இரண்டாவது டிரான்சிஸ்டர் அதே கெப்பாசிட்டரைப் பல மடங்கு பெரியது போல ஆக்கிவிடுகிறது. ஓசையின் முகடு 400, 450 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. உதட்டைக் குவித்து ‘ஊ’வில் தொடங்கி ‘ஆ’ என்று வாயைத் திறந்து பாருங்கள். வாய்க்குள் நடப்பதும் இதே மாதிரியான நகர்வுதான். ‘வா’ என்ற பெயர் ஓசையிலிருந்தே வந்தது.

சரி, அந்த முகடு எவ்வளவு ஒடுங்கி நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதில் பெரும்பங்கு யாருடையது? காயிலுக்குப் பக்கவாட்டில் இணைத்திருக்கும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டருடையது. அதைக் கழற்றி 47 அல்லது 68 கிலோ ஓம் வைத்தால் முகடு ஒடுங்கி எழும்பும், பெடல் மனிதக் குரலை நெருங்கும். குறைத்து வைத்தால் அகன்று மென்மையாகும். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் இருக்கும் 390 ஓமைக் கொஞ்சம் குறைத்தால் ஓசை பெருத்து அடித்தொனியும் சேரும். 1.5 கிலோ ஓம் இருக்கும் இடத்தில் 2.2 வைத்தால் நடுத்தொனி தடிக்கும். 0.01 கெப்பாசிட்டருக்குப் பதில் 0.015 வைத்தால் மேல் எல்லை 2,250இலிருந்து 1,840 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கீழ் எல்லையும் அதே விகிதத்தில் இறங்கும். காது குத்துகிறது என்று வாவைத் தூக்கிப் போட்டவர்கள் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்கள். டன்லப் நிறுவனத்தின் 535க்யூ மாடலில் முகட்டின் அகலத்தையும் அலைவரிசை எல்லையையும் மாற்றக் குமிழ்களே உண்டு. மற்றவர்கள் சால்டரிங் அயர்ன் பிடித்துச் செய்வதை அங்கே கம்பெனியே வெளியில் வைத்துக் கொடுக்கிறது.

“அந்தக் காலத்து வாக்ஸ் பெடல்கள் எல்லாமே பொக்கிஷம்” என்பது அடுத்த நம்பிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1966இல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் வாக்ஸ் ஆம்ப் ஒன்றைத் திருத்தியமைத்துக்கொண்டிருந்தார்கள். நடுத்தொனியைக் கூட்டும் சுவிட்சுக்குப் பதிலாக பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளர் ஒரு பாட்டை வைத்தார். அதைத் திருப்பியபோது வந்த ஓசைதான் வா. பிறகு அது ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் புகுந்தது. முதலில் கம்பெனியின் மனதில் இருந்தது காற்றுக்கருவிகள். 1967இல் வந்த பெடல் கிளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞரின் பெயரைத் தாங்கி வந்தது. கிதாருக்கு அதன் இடத்தைப் பெற்றுத் தந்ததில் முன்னே நிற்பவர்கள் அதே ஆண்டில் கிரீம் குழுவின் எரிக் கிளாப்டனும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும்.

அந்தப் பெடல்கள் அருமையானவைதான், ஆனால் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. அக்காலத்துப் பாகங்களில் 20 சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். மேலே சொன்ன கெப்பாசிட்டர் ஒன்று மட்டும் அவ்வளவு விலகினாலே மேல் எல்லை ஒரு பெடலில் 2,050 ஹெர்ட்ஸாகவும் இன்னொன்றில் 2,500 ஹெர்ட்ஸாகவும் நிற்கும். அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு பெடல்கள்கூட வேறு வேறு குரலில் பேசியிருக்கலாம். பழைய இசைத்தட்டில் கேட்டு மயங்கிய ஓசையை வெறும் மாடல் பெயரை வைத்துத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். அப்படி ஒரு பழைய பெடல் கையில் இருந்தால் அதில் மாற்றம் செய்யாமல் விட்டுவிடுவது நல்லது. புதியதில் செய்து பார்க்கலாம். அதிலும் கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

ட்ரூ பைபாஸ் சுவிட்ச் போட்டால் வாவின் டோன் திருந்தும் என்று பணம் செலவழிப்பவர்கள் நிறைய. அது பெடல் அணைந்திருக்கும் நேரத்துக்கான வைத்தியம். பழைய முறையில் பெடலை அணைத்த பிறகும் கிதார் அதன் நுழைவாயிலோடு இணைந்தே இருக்கும். பிக்கப்பின் மென்மையான மின்னோட்டத்தை அது உறிஞ்சுவதால் மேல்தொனி மங்கும். இரு பக்கமும் ஒரே மிதியில் துண்டிக்கும் சுவிட்ச் அந்த இழப்பை நிறுத்தும், அவ்வளவே. மிதித்து வாசிக்கும்போது வரும் ஓசையில் இம்மியும் மாற்றம் இருக்காது. பிற்கால கிரைபேபிகளில் நுழைவாயிலிலேயே ஒரு பஃபர் இருப்பதால் அவற்றில் இந்த இழப்பு குறைவு. செலவுக்கு முன் ஒரு சோதனை செய்யலாம்: கிதாரை நேராக ஆம்பில் செருகி வாசித்துவிட்டு, அணைத்த பெடல் வழியாக அதே வரியை வாசித்துக் கேட்க வேண்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தப் பணம் மிச்சம்.

மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பாட் போய்விட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் தூசிதான், காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது, முப்பது முறை மிதித்தால் தெளியும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே கூடாது, அது தூசியைச் சேர்த்துப் பிடித்து வைக்கும். சுத்தம் செய்த மறுநாளே கரகரப்பு திரும்பினால் பாட்டின் கால்களில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். டிசி வோல்டேஜ் காட்டினால் குற்றவாளி பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர், அது கசிகிறது.

அடித்தட்டை மூடுவதற்கு முன், காசே செலவாகாத ஒரு மாற்றமும் உண்டு. பாட்டின் நட்டைத் தளர்த்தி, பல்சக்கரத்தைப் பட்டையிலிருந்து விலக்கி, ஒரு பல் தள்ளி மறுபடி பொருத்த வேண்டும். பெடல் முழுதும் அழுந்தும் இடம் பாட்டின் வேறொரு புள்ளிக்கு நகர்ந்துவிடும். மேல் முனையின் கீச்சோ கீழ் முனையின் மந்தமோ காலுக்கு எட்டாமல் ஒதுங்கும். பிடிக்கவில்லையென்றால் மறுபக்கம் ஒரு பல். நட்டை இறுக்கிவிட்டு, கிதாரைச் செருகி, மெதுவாக ஒரு முறை முழுதும் மிதித்துக் கேட்டுப் பார்த்த பிறகே நான்கு ரப்பர் கால்களையும் திரும்ப மாட்ட வேண்டும்.