டாக்டர் பதில் சொல்லாதபோது நோயாளியின் நோன்பு

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பெரியவர். சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகத்தையும் பாதித்திருந்தது. ரமலானுக்கு இருபது நாள் இருக்கும்போது தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்கு வந்து, காலை ஏழு மணிக்கே சீட்டு வாங்கிக் காத்திருந்தார். மகன் சிங்கப்பூரில்; கூட வந்தது மருமகள் மட்டும். பகல் ஒரு மணிக்கு உள்ளே அழைத்தார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், மாத்திரை எழுதினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். "நோன்பு பிடிக்கலாமாய்யா?" என்று பெரியவர் கேட்டபோது அவர் தலை நிமிரவில்லை. மேலும் இரண்டு தடவை போனார்கள். அதே கதைதான். பெரியவர் கோபப்பட்டபோது, "வேண்டாம் மாமா, குறை சொன்னால் சபுர் போய்விடும்" என்று மருமகள் தடுத்துவிட்டார்.

மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெரியவர் நோன்பு பிடித்தார். ஐந்தாம் நாள் அஸருக்கு முன் மயங்கி விழுந்தார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். பிறகு நம்மிடம் கேட்டார்: "நான் செய்தது இபாதத்தா, தவறா?"

அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் சபுர் பற்றி. இறைவனின் விதியை நொந்து மனம் கசந்து பேசுவதுதான் சபுருக்கு மாறானது. அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை ரப்பிடம் எடுத்துச் சொன்னார்கள். அதனால் அவர்களுடைய பொறுமை குறைந்துவிடவில்லை. உடம்பை ஒப்படைத்த மருத்துவரிடம் விளக்கம் கேட்பது முறையீடுகூட அல்ல. அது நோயாளியின் வேலை.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் உண்டு. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அந்நிலையில் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய இடமுண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கோபித்துக்கொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்பதே அந்தக் கோபத்தின் காரணம். கேட்டவர் மீது அவர்கள் குறை காணவில்லை என்பதைக் கவனியுங்கள். அறியாமல் பதில் சொன்னவர்கள் மீதுதான் கண்டனம்.

சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இத்தகைய குழந்தைகளின் விழித்திரையை முதல் சில வாரங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். அங்கே பரிசோதிக்கவும் இல்லை, பெற்றோரை எச்சரிக்கவும் இல்லை. குழந்தையின் பார்வை போயிற்று. வழக்கு 2015 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தார்கள்.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலை நாமும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் வாய்க்கேள்வியை நம்பக் கூடாது. ஷஅபான் மாதத்திலேயே கேள்விகளைத் தாளில் எழுதி, சீட்டோடு சேர்த்து நீட்டுங்கள். இன்சுலினை ஸஹரில் எவ்வளவு, இஃப்தாரில் எவ்வளவு போடுவது? சிறுநீரக நோயாளி இரவில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? எந்த அறிகுறி கண்டால் உடனே நோன்பை விட வேண்டும்? அங்கே பதில் இல்லையென்றால் உள்ளூர்க் குடும்ப டாக்டரிடம் தாள்களைக் காட்டுங்கள். நோயாளி தம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. இது பலருக்குத் தெரிவதில்லை.

டாக்டர் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டுமா? பழைய ஹனஃபி நூல்களில் அப்படி இருக்கிறது. ஆனால் நேர்மையும் திறமையும் உள்ள எந்த மருத்துவரின் சொல்லையும் ஏற்கலாம் என்பது இக்கால உலமாக்கள் பலரின் கருத்து. யாரிடமும் பதில் கிடைக்காவிட்டால் தம் முந்தைய அனுபவமும் தெளிவான அறிகுறிகளும் போதும். நோன்பு நோயை வளர்க்கும் என்று மனம் பலமாகச் சொன்னால் விட்டுவிடலாம். இன்சுலின் போடுகிறவர், டயாலிசிஸ் செய்கிறவர் ஆகியோர் டாக்டரின் மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டு நோன்பைத் தொடங்கக் கூடாது.

பெரியவரின் விஷயத்துக்கு வருவோம். அவர் பிடித்த நான்கு நோன்பும் நிறைவேறின. ஐந்தாவதை விட்டதில் குற்றமில்லை, கஃபாராவும் இல்லை. குணமாகும் நோயாக இருந்தால் கழாச் செய்வார். இவருக்கு அந்த நம்பிக்கை இல்லாததால் விட்ட நோன்புகளுக்கு ஃபித்யா. ஷாபிஈ மத்ஹபில் நோன்பு ஒன்றுக்கு ஒரு முத்து. நம் டெல்டாவில் அது அரிசிதான். ஹனஃபிகளுக்கு அளவு வேறு. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்க.

மருமகள் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு மருத்துவமனைக்குப் போகிறார். போன தடவை டாக்டர் அதை வாங்கிப் படித்து, தண்ணீர் அளவைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தாராம்.