கைகளும் நகங்களும் – சுத்தமும் சட்டமும்

அல்லாஹுதஆலா மனிதனுக்கு அளித்திருக்கும் நிஃமத்துக்களில் கைகள் மிகப் பெரியவை. உண்பதும் உழைப்பதும், குழந்தையை அணைப்பதும், துஆவுக்காக ஏந்துவதும் இந்தக் கைகளே. ஆயினும் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக் கொள்ளும் அளவுக்குக் கைகளை நாம் பார்த்துக் கொள்வதில்லை. நகத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். அது வளர்ந்து துணியில் சிக்கும்போதுதான் நினைவு வருகிறது. நம் மார்க்கமோ நகத்தைச் சிறிய விஷயமாக விட்டுவிடவில்லை. அதற்கென்று சுன்னத்தும் உண்டு, மஸ்அலாவும் உண்டு, கெடுவும் உண்டு.

இதனை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. மலையடிவாரத்தில் கடனா நதிக்கரையிலுள்ள ஆழ்வார்குறிச்சி, அதனை அடுத்த பொட்டல்புதூர், கடையம், ஆற்றைத் தாண்டி முக்கூடல் ஆகிய ஊர்ப் பக்கங்களில் பல வீடுகளில் பெண்கள் மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டுகிற வேலை முழுவதும் விரல் நுனியிலும் நக நுனியிலும் நடப்பது. பட்டமடையில் நம் தாய்மார்கள் கோரையை நனைத்துக் கீறி, சாயமேற்றிப் பாய் நெய்கிறார்கள். அந்தப் பாய்க்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தகைய கைகளில் கறை ஏறத்தான் செய்யும்.

இச்சகோதரிகளில் சிலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இதுதான்: “ஹஜ்ரத், எவ்வளவு கழுவினாலும் விரலில் கறை போகவில்லை, இந்தக் கையோடு ஒளு கூடுமா?” கேட்டவர்களுக்கு விடை கிடைத்து விடுகிறது. கேட்காதவர்களோ, கூடாது என்று தாமாகவே முடிவு செய்து, லுஹரையும் அஸரையும் விட்டு, வேலை முடிந்து குளித்த பிறகு கழாச் செய்து கொள்ளலாம் என்று இருந்து விடுகிறார்கள். கறை பிடித்த கை தொழுகையைத் தடுக்கவில்லை, அறியாமையே தடுத்திருக்கிறது. இதைவிட வருந்தத்தக்கது வேறென்ன இருக்கிறது?

நகம் வெட்டுவது சுன்னத்

மனிதனின் இயற்கைத் தூய்மையான ஃபித்ராவைச் சேர்ந்த ஐந்து காரியங்களில் நகம் வெட்டுவதையும் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருப்பதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம் பெற்றது. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் முஸ்லிமின் மற்றொரு ஹதீஸில், விரல் கணுக்களின் மடிப்புகளைக் கழுவுவதும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. நகத்தை மட்டுமின்றி, அழுக்குத் தங்கும் கணு மடிப்புகளையும் மார்க்கம் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கெடு என்ன? நாற்பது நாட்களுக்கு மேல் விடலாகாது என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வந்திருக்கிறது. நாற்பது நாள் வரை விட்டுவைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று; அதுவே கடைசி எல்லை. கை நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் நாற்பது நாளில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். அதற்கடியில் எவ்வளவு அழுக்குத் தங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். வாரம் ஒரு முறை, ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் வெட்டிக் கொள்வது சிறந்தது என்று இமாம்கள் கூறியிருப்பது நமக்கு எளிதான பழக்கம்.

செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டலாகாது, விளக்கு வைத்த பின் வெட்டினால் வீட்டில் தரித்திரம் வரும் என்றெல்லாம் நம் வீடுகளிலும் சொல்லப்படுகிறது. இவற்றுக்கு ஷரீஅத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மங்கலான விளக்கில் வெட்டினால் சதை வெட்டுப்படும் என்று பெரியவர்கள் அஞ்சியிருக்கலாம். அது நியாயமான எச்சரிக்கை, சட்டமன்று. எந்த விரலில் தொடங்க வேண்டும் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு வரிசை கூறியுள்ளார்கள். வலது ஆட்காட்டி விரலில் தொடங்கிச் சுண்டு விரல் வரையும், பின் இடது சுண்டு விரலிலிருந்து பெருவிரல் வரையும் வெட்டி, வலது பெருவிரலில் முடிப்பது அந்த முறை. அப்படிச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் இந்த வரிசைக்கு உறுதியான ஹதீஸ் இல்லை என்பதை ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். நல்ல காரியங்களை வலப்புறத்திலிருந்து தொடங்குவது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம். வலக்கையில் தொடங்கினால் போதும்.

குர்பானி கொடுக்க நிய்யத் செய்தவர் துல்ஹஜ் பிறை கண்டது முதல் குர்பானி கொடுக்கும் வரை நகம் வெட்டாதிருப்பது உம்முஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பால் வந்த சட்டம். ஆகவே துல்கஃதா முடியும் முன்னரே வெட்டிக் கொண்டால் நாற்பது நாள் எல்லை மீறாது. ஒளுவுடன் இருக்கும்போது நகம் வெட்டினால் ஒளு முறியாது. வெட்டிய நகத்தைக் கண்ட இடத்தில் எறியாமல் மண்ணில் புதைப்பது நல்லது.

ஒளுவும் கறையும்

அல்மாஇதா சூராவின் ஆறாவது வசனம் கைகளை முழங்கை உட்படக் கழுவுவதை ஒளுவின் ஃபர்ளாக ஆக்கியிருக்கிறது. நகமும் அந்தக் கையில் சேர்ந்ததே. ஒருவர் ஒளுச் செய்தபோது காலில் நகத்தளவு இடம் நனையாமல் விட்டிருந்தார். அதனைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று ஒளுவைச் செம்மையாகச் செய்யுமாறு ஏவினார்கள். அவர் அவ்வாறே செய்து வந்து தொழுதார். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. நகத்தளவு இடம் விடுபடுவதே இத்தனை கவனத்துக்குரியதென்றால், நகமே மூடப்பட்டிருந்தால் என்னாவது?

இங்கே ஓர் அடிப்படையை மனத்தில் இருத்திக் கொண்டால் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்து விடும். தோலின் மேலோ நகத்தின் மேலோ இருப்பது நிறமா, படலமா என்று பார்க்க வேண்டும். நிறம் தண்ணீரைத் தடுக்காது, படலம் தடுக்கும். சுரண்டினால் செதிலாக உரிந்து வருவது படலம். சுரண்டியும் எதுவும் வராமல் வண்ணம் மட்டும் நிற்பது நிறம்.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்:

பீடித் தூளின் கறை விரலில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஊறியிருந்தால் அது நிறமே. ஒளுவும் கடமையான குளிப்பும் கூடும். ஆனால் பசையும் தூளும் சேர்ந்து தடித்து ஒட்டியிருந்தால் சோப்புப் போட்டுத் தேய்த்து நீக்க வேண்டும். தேய்த்த பின்னும் எஞ்சும் நிறத்தால் கேடில்லை.

கோரைக்குச் சாயமேற்றுபவரின் கையிலுள்ள வண்ணமும் இப்படியே. சாயக்காரரின் நகத்தின் மேல் இருப்பது சுத்தத்தைத் தடுக்காது என்று ஹனஃபி மத்ஹபின் துர்ருல் முக்தார் போன்ற கிதாபுகளில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. தொழிலின் நிர்ப்பந்தத்தை நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு பரிவோடு பார்த்திருக்கிறார்கள்!

மருதாணியின் விழுதை அகற்றிய பின் நிற்கும் சிவப்பு ஒளுவைத் தடுக்காது. விழுது காய்ந்து ஒட்டியிருந்தால் அகற்றி விடுவதே பேணுதல். நகப்பாலிஷ் அப்படியன்று, அது நகத்தின் மேல் படியும் படலம். அது இருக்கும்வரை ஒளுவும் குளிப்பும் கூடா. தண்ணீரை உள்ளே விடும் பாலிஷ் என்று சொல்லி இன்று கடைகளில் சில விற்கப்படுகின்றன. விளம்பரத்தை நம்பித் தொழுகையைப் பணயம் வைக்க வேண்டாம். ஒளுவுக்கு முன் அழித்து விடுவதே பாதுகாப்பு. ஒட்டு நகங்களுக்கும் இதே சட்டம்.

மாவு பிசைந்த கையில் நகத்தடியிலோ நகத்தின் மேலோ காய்ந்து நிற்கும் மாவு தண்ணீரைத் தடுக்கும்; நீக்க வேண்டும். நகத்தடியில் சேரும் சாதாரண அழுக்கு ஹனஃபி மத்ஹபில் ஒளுவைத் தடுப்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், தண்ணீர் சேராதபடி தடுக்குமானால் ஒளு கூடாது என்பது சட்டம். எனினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதில் சலுகை காட்டியிருக்கிறார்கள். இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லாமல் செய்யும் வழி ஒன்று உண்டு: நகத்தை வெட்டி விடுவது! முனை மடக்க உதவும் என்று ஒரு நகத்தை மட்டும் நீளவிட நினைப்பவர்களும் நாற்பது நாள் எல்லையையும் நகத்தடிச் சுத்தத்தையும் மறக்கலாகாது.

இறுக்கமான மோதிரத்தை அசைத்துக் கழுவுங்கள். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுங்கள். கையில் வெடிப்போ புண்ணோ இருந்து தண்ணீர் பட்டால் கேடு வருமென்றால் மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் மத்ஹபின் முறையை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

மருத்துவம் பின்னால் வந்தது

தூங்கி எழுந்தவர் கையைப் பாத்திரத்தில் விடும் முன் மூன்று முறை கழுவ வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உணவின் பிசுக்கைக் கழுவாமல் உறங்கி, அதனால் தீங்கு வந்தால் தன்னையே நொந்து கொள்ளட்டும் என்றும் எச்சரித்தார்கள். மேல்நாட்டு மருத்துவர்கள் இதன் அருமையை அறிய நெடுங்காலம் ஆயிற்று. 1847-இல் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் இறக்கிறார்கள் என்று கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவும்படி அவர் கட்டளையிட்டதும், அந்த ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் சில மாதங்களில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. அப்போதும் பலர் அவர் பேச்சை ஏற்கவில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது, சோப்பால் 20 வினாடியாவது கை கழுவுங்கள் என்று உலகமே சொல்ல நேர்ந்தது.

புகையிலைத் தூளைக் கையாள்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதிலுள்ள நிக்கோடின் என்ற நச்சு தோல் வழியாகவும் உடலில் ஊறும். ஆகவே வேலைக்கு இடையில் அந்தக் கையோடு சாப்பிடுவதும், குழந்தைக்கு ஊட்டுவதும், கண்ணைக் கசக்குவதும் கூடாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணப்படும் வேலையில் எழுந்து போய்க் கை கழுவுவது நேர நஷ்டமாகத் தோன்றும். ஆனால் தொழுகை நேரத்தில் ஒளுவுக்காக எழுவீர்களானால் தொழுகையும் நிறைவேறும், கையும் சுத்தமாகும், குனிந்த முதுகுக்கும் ஓய்வு கிடைக்கும்.

நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டாமல் சிறிது விட்டு நேராக வெட்டுங்கள். நகத்தின் அடியில் தோலும் நகமும் சேரும் இடத்திலுள்ள மெல்லிய சவ்வை வெட்டாதீர்கள். கிருமி உள்ளே புகாமல் காப்பது அதுவே. நகத்தைப் பல்லால் கடிக்கும் குழந்தைகளுக்கு நகத்தடியிலுள்ள குடற்புழு முட்டைகள் வயிற்றுக்குள் போகும். கழுவிய பின் கையைத் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவுங்கள். எண்ணெயின் மினுக்கு ஒளுவைத் தடுக்காது. அதன் மேல் தண்ணீர் ஓடினால் போதும். எப்போதும் ஈரத்திலேயே இருக்கும் கைகளுக்கு நகச்சுற்று எளிதில் வரும். கறுப்பு மருதாணி என்று விற்பதில் சேர்க்கப்படும் தலைச்சாய ரசாயனம் தோலைப் புண்ணாக்கக் கூடியது. நம் வீட்டுக் கொல்லையில் அரைத்த இலையே போதும்.

நகம் உடல்நலத்தையும் காட்டும். கரண்டி போல் நடுவில் குழிந்த நகம் இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவுக்கு அடையாளமாகலாம். அதனை மருத்துவரிடம் காட்டுங்கள். வயல்மேல் கொக்குப் பறக்கும்போது நகத்தில் பூப் போடச் சொல்லிச் சிறுவர்கள் விரலை நீட்டுவார்களே, அந்த வெண்புள்ளிகள் பெரும்பாலும் சிறு அடிபட்டதால் வருபவை, அஞ்ச வேண்டியதில்லை.

உழைத்த கையின் கண்ணியம்

கறை படிந்த கையை வெட்கத்தோடு முந்தானைக்குள் மறைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சுவனத்துப் பெண்களின் தலைவியான ஃபாத்திமா (ரலி) அவர்களின் கைகள் திரிகை அரைத்துக் காய்த்துப் போயிருந்தன. ஒரு பணியாளைக் கேட்க அவர்கள் தந்தையிடம் வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அதைவிடச் சிறந்ததொன்றைத் தருவதாகக் கூறி, படுக்கைக்குச் செல்லும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதும்படி கற்றுக் கொடுத்தார்கள். அந்தத் தஸ்பீஹை எண்ணுவதற்கு அல்லாஹ் தந்த கருவியும் இந்த விரல்களே.

உழைத்துக் காய்த்த ஒரு ஸஹாபியின் கையை நாயகம் (ஸல்) அவர்கள் முத்தமிட்டதாக மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அந்த அறிவிப்பை ஹதீஸ் கலை வல்லுநர்கள் வலுவானதாக ஏற்கவில்லை. நமக்கு அது தேவையுமில்லை. தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்பதும், தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பால் உண்டார்கள் என்பதும் புகாரியிலேயே இருக்கின்றன.

ஆகவே, அன்பான தாய்மார்களே! பாங்கு கேட்டதும் சொளகை ஒதுக்கி வையுங்கள். ஒட்டியிருப்பதைத் தேய்த்து நீக்குங்கள். எஞ்சிய கறையைப் பற்றிக் கவலைப்படாமல் ஒளுச் செய்து தக்பீர் கட்டுங்கள். வீட்டு ஆண்மக்களே! உங்கள் மனைவியோ தாயோ தமக்கையோ தொழ எழும்போது, ‘இந்தக் கட்டை முடித்து விட்டுப் போ’ என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் எடுத்து வையுங்கள்.

அல்லாஹுதஆலா நம் கைகளைத் தூய்மையாக்கி, அவற்றின் உழைப்பில் பரக்கத் செய்து, நம் ஒளுவையும் தொழுகையையும் ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.