டயர் தேயும் வரை பொறுங்கள்

கேள்வி:

எனக்கு வயது 27. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். அதில் வீட்டுக்கு 15,000 கொடுத்துவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அதற்கு மாதத் தவணை 8,500. பெட்ரோலுக்கு 6,000. மிச்சப் பணம் எங்கே போகிறதென்றே தெரியவில்லை, இருபதாம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இருப்பதில்லை. தீபாவளி போனஸ் 30,000 வரும்.

வண்டியை என் மனசுக்குப் பிடித்த மாதிரி மாற்ற வேண்டும் என்பது பல நாள் ஆசை. கடையில் கேட்டேன். 17 இன்ச் அலாய் வீலும் டயரும் 62,000, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் 38,000, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் 25,000, சத்தம் வரும் சைலன்சர் 16,000, எல்இடி ஹெட்லைட் 9,000. மொத்தம் ஒன்றரை லட்சம். “மூணு வருஷத் தவணை போட்டுக்கலாம், இன்னைக்கே மாட்டிடலாம்” என்கிறார்கள். அப்பாவோ, “ஓடுற வண்டிக்கு எதுக்குடா இத்தனை செலவு?” என்கிறார். கடன் வாங்கலாமா? சேர்த்துத்தான் செய்ய வேண்டுமென்றால் எப்படிச் சேர்ப்பது? இந்த ஆசையே தவறா?

- வாசகர், கோவை

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆசை தவறில்லை. நீங்கள் இருப்பது கோவை. மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை, குறைந்த செலவில், ‘ஃபார்முலா மாருதி’ என்று வடிவமைத்த எஸ். கரிவரதனின் ஊர் அது. செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கார் மீது பிரியம் வைப்பது அந்த ஊரில் புதிதல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல. எல்லோரும் வாங்க முடிகிற இன்ஜினிலிருந்தே நல்லதைச் செய்யலாம் என்று காட்டியவரின் ஊர் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கடன் வேண்டாம்

தனிநபர் கடன் 14 சதவீத வட்டியில் கிடைத்தாலும், ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வருடத் தவணை மாதம் 5,127 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1,84,500 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு முழுதும் கட்டாமல் விட்டால் இதைவிட மோசம். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால், 60,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 2,100 வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் மாதம் 2,478 ரூபாய் கரைந்துபோகும். ஏலச்சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுத்தால் அதுவும் கடன்தான். பெயர் மட்டும் வேறு.

வண்டிக்கே ஏற்கெனவே தவணை ஓடுகிறது. அதன் மேல் மாட்டிய பொருளுக்கும் தவணை என்றால், ஒரு மாதம் சம்பளம் தாமதமானாலும் இரண்டும் சேர்ந்து நெருக்கும். வண்டியை விற்கலாம் என்றாலும், வாங்க வருகிறவர் அலாய்க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தனியாக விலை கொடுக்க மாட்டார். தவணை மட்டும் உங்கள் தலையில் நிற்கும்.

முதலில் வண்டியின் பங்கு

மாதக் கடைசியில் பணம் காணாமல் போவதற்கு வண்டிச் செலவும் ஒரு காரணமாக இருக்கும். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் எப்போதோ ஒருமுறை வருவதால் அவை மாதக் கணக்கில் ஏறுவதில்லை. வரும்போது மொத்தமாகக் கையைக் கடிக்கின்றன. ஏழெட்டு வருடப் பழைய, இந்த அளவு வண்டிக்கு அடுத்த ஒரு வருடத்துக்கு நான் போடும் உத்தேசக் கணக்கு: இன்சூரன்ஸ் 12,000, இரண்டு சர்வீஸ் 9,000, நான்கு டயர் 18,000. மொத்தம் 39,000, அதாவது மாதம் 3,250. உங்கள் ஊர் விலையைக் கேட்டு இந்த எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கும் தவணைக்கும் பெட்ரோலுக்கும் போக உங்களிடம் மிஞ்சுவது 15,500. அதை இப்படிப் பிரியுங்கள்:

வண்டிப் பராமரிப்பு - 3,250
அவசரச் சேமிப்பு - 3,000
வண்டி மாற்றத்துக்கான சேமிப்பு - 3,000
கைச்செலவு - 6,250

அவசரச் சேமிப்பு குறைந்தது மூன்று மாதச் செலவு அளவுக்கு வளரும் வரை அதைத் தொடவே கூடாது. மாற்றத்துக்கான 3,000 ரூபாயை வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பாக (ஆர்.டி.) போடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம், இந்தத் தேவைக்கு அது நீளம். சம்பளம் ஏறும் நாளுக்கு மறுநாளே தானாகப் பிடித்தம் ஆகும்படி தேதி கொடுங்கள். மிச்சத்தைச் சேமிப்போம் என்று விட்டால் இருபதாம் தேதிக் கதை தொடரும். ஆறரை சதவீத வட்டியில் வருடக் கடைசியில் 37,200 ரூபாய் அளவுக்குக் கையில் வரும். போனஸில் பாதியை, அதாவது 15,000 ரூபாயை, இதோடு சேருங்கள். மறு பாதி வீட்டுக்கு. ஆக ஒரு வருடத்தில் சுமார் 52,000.

ஒன்றரை லட்சம் எங்கே, ஐம்பத்திரண்டாயிரம் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சக்கரம்: இதில்தான் பணம் மிஞ்சும்

உங்கள் வண்டியில் இருப்பது 165/80 ஆர்14 டயர். இதில் 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர், சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய 620. கடைக்காரர் சொல்லும் 17 இன்ச்சுக்கு வழக்கமாக 205/45 டயர் போடுவார்கள். விட்டம் 616 மில்லிமீட்டர், பரவாயில்லை. ஆனால் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர்தான். ரிம்முக்கும் ரோட்டுக் குழிக்கும் நடுவே இருந்த ரப்பரில் நான்கு சென்டிமீட்டர் போய்விட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் ஒரு குழியில் இறங்கினால் ரிம் வளையும், டயர் பக்கவாட்டில் புடைக்கும். பக்கவாட்டில் புடைத்த டயரைச் சரிசெய்ய வழியில்லை, புதிதுதான் வாங்க வேண்டும்.

இதே ஸ்விஃப்ட்டின் இசட்எக்ஸ்ஐ மாடலுக்குக் கம்பெனியே கொடுத்தது 185/65 ஆர்15. பக்கச்சுவர் 120, விட்டம் 621.5. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வீல் ஆர்ச்சில் உரசாது. பழைய ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 15 இன்ச்சே போதும், பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

அதைவிட முக்கியமானது நேரம். நல்ல நிலையில் இருக்கும் டயரைக் கழற்றிப் போட்டு அலாய் மாற்றினால், டயரின் முழு விலையும் ஆசைக் கணக்கில் ஏறும். தேய்ந்த பிறகு மாற்றினால், எப்படியும் செலவாகியிருக்கும் 18,000 ரூபாய் பராமரிப்புக் கணக்கிலிருந்தே வரும். 15 இன்ச்சுக்கு ஆகும் கூடுதல் ஆறாயிரத்தையும் அலாய் விலையையும் மட்டும் சேமிப்பிலிருந்து எடுத்தால் போதும். டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடு இருக்கும், குனிந்து பாருங்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்று அர்த்தம். சட்டப்படி அதுதான் எல்லை. அதை நெருங்கும் வரை பொறுங்கள். ஷாக் அப்சார்பர், பேட்டரி, சீட் கவர் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்: எப்படியும் மாற்ற வேண்டிய நாளையே, நன்றாக மாற்றும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

புது அலாய் செட் வாங்கவும் அவசியமில்லை. பெரிய சக்கரத்துக்குப் போகிறவர்கள் கழற்றிய கம்பெனி அலாய்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும். வாங்கும் முன் நான்கையும் டயர் கடைக்குக் கொண்டுபோய், பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிடச் சொல்லுங்கள். கண்ணை ரிம்மின் விளிம்புக்கு நேராக வைத்துப் பாருங்கள். விளிம்பு ஒரே கோட்டில் நின்றால் சரி, மேலும் கீழும் அலைந்தால் வளைந்திருக்கிறது. பிறகு திருப்பி உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெளியில் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள், உள்ளே வெல்டிங் தடிப்பு தெரியும். தெரிந்தால் எத்தனை மலிவானாலும் வேண்டாம். பழைய ஸ்டீல் ரிம்களை விற்றுவிடாதீர்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டு அலாயைத் தனியாக விற்கலாம்.

ஒலி: ஸ்பீக்கர் மட்டும்

முதலில் முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றி, கதவுத் தகட்டுக்கு உள்ளே அதிர்வைக் குறைக்கும் ஷீட் ஒட்டுங்கள். வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும், அப்போதும் தேவை என்று தோன்றினால் பார்க்கலாம். வண்டியின் ஒயரை வெட்டி ஒட்டும் வேலை எதற்கும் சம்மதிக்க வேண்டாம். அந்த மாடலுக்கான கப்ளர் கேட்டு வாங்குங்கள். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வியே ஒயரை வெட்டினீர்களா என்பதுதான்.

பில்லுடன் வாங்குங்கள். கம்பெனி பொருத்தாத மின் சாதனங்களை பாலிசியில் தனியாகச் சேர்க்க இடம் உண்டு, அதன் மதிப்பில் சுமார் நான்கு சதவீதம் கூடுதல் பிரீமியம். 14,000 ரூபாய்ப் பொருளுக்கு 560 ரூபாய். சேர்க்காவிட்டால், திருடு போனால் அதற்கு இழப்பீடு இல்லை.

ஹெட்லைட்: பாலிஷ் போதும்

உங்கள் வண்டியில் இருப்பது 60/55 வாட் எச்4 ஹாலஜன் பல்ப். அந்த பல்புக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடி மாட்டினால், வெளிச்சம் ரோட்டில் விழ வேண்டிய இடத்தில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அவர் கண் கூசித் தடுமாறினால் ஆபத்து உங்களுக்கும்தான். உங்கள் வண்டியின் வயதில் ஹெட்லைட் மூடி மஞ்சளடித்திருக்கும். அதைப் பாலிஷ் செய்து, அதே வாட்டில் தரமான ஹாலஜன் போட்டு, வெளிச்சத்தின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். 2,000 ரூபாய்க்குள் முடியும்.

சைலன்சரும் ஸ்பிரிங்கும் வேண்டாம்

இவை இரண்டையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். சட்டத்தை விடுங்கள், ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் தெருவில் தூங்கும் கைக்குழந்தையையும் வயசானவர்களையும் நினையுங்கள். தாழ்த்தும் ஸ்பிரிங் விஷயமும் அப்படித்தான். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளியே 163 மில்லிமீட்டர். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அதில் குறைக்க ஒன்றுமில்லை.

புதிய பட்டியல்

கம்பெனி அலாய் செட் - 26,000
15 இன்ச் டயருக்குக் கூடுதல் - 6,000
ஸ்பீக்கர், ஷீட், கூலி - 14,000
ஹெட்லைட் பாலிஷ், பல்ப் - 2,000
அலைன்மென்ட், பேலன்சிங், எதிர்பாராத செலவு - 4,000
மொத்தம் - 52,000

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பொருள் விலையை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, மாட்டும் கூலிக்குக் கடன் கேட்கும் நிலை பலருக்கு வருகிறது. விலை விசாரிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். பழைய 28 சதவீத விலைப்பட்டியலை யாராவது நீட்டினால் புதியதைக் கேளுங்கள்.

சேமிக்கும் அந்த ஒரு வருடத்தில் உங்கள் விருப்பம் மாறலாம், மாறட்டும். இப்போதே தவணையில் மாட்டியிருந்தால், மனம் மாறிய பிறகும் இரண்டு வருடம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆர்.டி.யில் இருக்கும் பணம் உங்கள் பணம். அப்பாவுக்கு ஒரு மருத்துவச் செலவு வந்தால் அதை உடைத்து எடுக்கலாம். மாட்டிய ஸ்பிரிங்கை அப்படி எடுக்க முடியாது.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். வீட்டுக்குக் கொடுக்கும் பணம் குறையவில்லை, அவசரத்துக்குச் சேர்கிறது, புதுக் கடன் இல்லை, போனஸில் பாதி வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்தால் அவர் எதிர்க்கக் காரணம் அதிகம் இருக்காது. அடுத்த சம்பளத்தில் ஆர்.டி.யைத் தொடங்கிவிடுங்கள். கடைக்குப் போவது டயர் தேய்ந்த பிறகு.