சிறிய கேமிங் கணினிக்கு ப்ராசஸரும் மதர்போர்டும்

இருபது லிட்டருக்குள் அடங்கும் கேபினட்டில் கேமிங் கணினி கட்டும்போது பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையே தலைகீழாகிறது. வழக்கமான டவர் கேபினட்டுக்கு முதலில் ப்ராசஸரை முடிவு செய்து, அதற்கேற்ற மதர்போர்டை வாங்கி, கூலரையும் கேபினட்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், எதுவும் இடிக்காது. சிறிய கணினியில் கூலரின் உயரத்தைக் கேபினட் தீர்மானிக்கிறது. எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்பதைக் கூலர் தீர்மானிக்கிறது. அந்த வாட் கணக்குக்குள் வரும் ப்ராசஸரே வாங்கத் தக்கது; மதர்போர்டு அதன் பிறகுதான். வேகப் பட்டியலில் முதலிடம் பிடித்த சிப்பை வாங்கி 37 மி.மீ. கூலருக்கு அடியில் உட்காரவைத்தால், அது வெப்ப வரம்பைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசில் ஒரு பங்கு விசிறிச் சத்தமாகத்தான் திரும்பி வரும்.

கேபினட்டுகளுக்குள் இடம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதற்குச் சில உதாரணங்கள் போதும். 7.2 லிட்டர் கொண்ட டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸில் கூலருக்கு 48 மி.மீ. உயரம்தான் கிடைக்கும். ஃப்ராக்டல் டெர்ரா 10.4 லிட்டர், அதன் நடுத்தட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து 48 முதல் 77 மி.மீ. வரை இடம் உண்டு. ஆனால் ப்ராசஸர் பக்கம் கூடும் இடம் கிராபிக்ஸ் கார்டு பக்கம் குறையும். லியான் லி ஏ4-எச்2ஓ 11 லிட்டருக்குள் 240 மி.மீ. வாட்டர் கூலரை ஏற்கிறது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18.25 லிட்டர் பெட்டியில் 150 மி.மீ. தாண்டிய டவர் கூலரே நிற்கும் என்பதால், இந்தக் கட்டுரையின் பாதி எச்சரிக்கைகள் அதற்குப் பொருந்தாது.

கூலர்களையும் உயரத்தை வைத்தே பிரிக்கலாம். 37 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9ஏ, 47 மி.மீ. உயரமுள்ள தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 ஆகியவை 65 வாட் வகைச் சிப்களுக்கு உரியவை. 70 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்12எஸ் அதற்கு ஒரு படி மேலே போகும். ரைசன் 5 7600 வாங்கினால் கூடவே வரும் இலவசக் கூலர் 50 மி.மீ.க்கு மேல் உயரமானது என்பதால் மிகச் சிறிய கேபினட்டுகளில் அதை மாட்டவே முடியாது. இன்னொன்று: விமர்சனங்களில் காணும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறையில் ஓடும் கணினிக்கு அந்த எண்ணோடு பத்துப் பன்னிரண்டு டிகிரியைக் கூட்டிக்கொள்வதுதான் நியாயம்.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஏஎம்டி 65 வாட் என்று குறிப்பிடும் ஏஎம்5 சாக்கெட் சிப் உண்மையில் 88 வாட் வரை இழுக்கலாம். 105 என்றால் 142, 120 என்றால் 162. இன்டெல் இரண்டு எண்களைத் தருகிறது, கவனிக்க வேண்டியது இரண்டாவதை. கோர் ஐ5-12400எஃப் 65 வாட் சிப் என்று விற்றாலும் அதன் உச்சம் 117. ஐ5-14600கே 181 வாட்டும், ஐ9-14900கே 253 வாட்டும் எட்டக்கூடியவை. போதாக்குறைக்குப் பல மதர்போர்டுகள் இன்டெல்லின் வரம்பைத் தளர்த்தி வைத்தே விற்பனைக்கு வருகின்றன. ஆறுதலான விஷயம், கேம் ஆடும்போது சிப்பின் எல்லாக் கோர்களும் முழுமூச்சில் ஓடுவது அபூர்வம். வீடியோ ரெண்டரிங்கில் உச்சத்தைத் தொடும் சிப் கேமில் பாதியோடு நின்றுவிடலாம். கணினி கேமுக்கு மட்டுமா, வேலைக்கும் சேர்த்தா என்ற கேள்விக்கு இங்கே விடை தெரிந்திருக்க வேண்டும்.

கேமுக்கு மட்டும் என்றால் இன்று பெரும்பாலான சிறிய கணினிகளுக்குப் பொருத்தமான பதில் ஏஎம்டியிடம் இருக்கிறது. அதற்குக் காரணம் எக்ஸ்3டி வகைச் சிப்களின் கேஷ் நினைவகம். வழக்கமான ரைசன் 7000 வரிசையின் எட்டு கோர் சிப்பில் 32 எம்பி மூன்றாம் நிலைக் கேஷ் உண்டு. எக்ஸ்3டியில் 64 எம்பி கொண்ட தனி அடுக்கு ஒன்றைச் சேர்த்து 96 ஆக்குகிறார்கள். கேம் அடிக்கடி தேடும் தரவு ராம் வரை போகாமல் சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால், அதிக மின்சாரம் செலவழிக்காமலே ஃப்ரேம் எண்ணிக்கை ஏறுகிறது. 2023 ஏப்ரலில் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி பெரும்பாலான கேம்களில் 80 வாட்டைத் தாண்டுவதில்லை. ஃபேக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் இந்தக் கேஷின் பலன் கண்கூடு.

2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி அதைவிட வேகமானது. முந்தைய சிப்பில் கேஷ் அடுக்கு கோர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. கோரின் வெப்பம் அதைக் கடந்துதான் மேல்மூடிக்கு வர வேண்டும். அதனால்தான் 7800எக்ஸ்3டிக்கு 89 டிகிரி வரம்பும் சற்றுக் குறைந்த வேகமும் விதித்தார்கள். புதியதில் அடுக்கைக் கீழே கொண்டுபோய்விட்டதால் கோர்கள் நேராக மூடியோடு ஒட்டுகின்றன, வேகமும் கூடியது. கூடவே மின்செலவும் கூடியது. டவர் கேபினட்டில் இந்தக் கூடுதல் வாட் பொருட்டில்லை. 48 மி.மீ. கூலரோடு இருக்கும் பெட்டிக்குப் பழைய 7800எக்ஸ்3டியே இன்னும் பொருத்தமான சிப்; விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் ஒழிய அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

எல்லாருக்கும் எக்ஸ்3டி தேவையும் இல்லை. 1440பி அல்லது 4கே திரையில் நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டோடு ஆடுபவருக்குத் தடை கார்டிடம்தான் இருக்கும். அங்கே ஆறு கோர் ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ் வாங்கி மிச்சப் பணத்தைக் கார்டில் போடுவதே கெட்டிக்காரத்தனம். இரண்டுமே 65 வாட் வகை. 9600எக்ஸோடு கூலர் வராது. 1080பி திரையில் நொடிக்கு 240 ஃப்ரேம் வேண்டும் என்று கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுபவர்தான் எக்ஸ்3டிக்கு உண்மையான வாடிக்கையாளர்.

கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் கட்டுவது தனி வழி. ரைசன் 7 8700ஜி சிப்புக்குள் இருக்கும் ரேடியான் 780எம், 1080பி திரையில் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் பல கேம்களை ஓட்டிவிடும். ஏஎஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்600 போன்ற இரண்டு லிட்டருக்கும் குறைவான பெட்டியில் அது அடங்கும். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ராமையே பகிர்ந்துகொள்வதால் இரண்டு ராம் குச்சிகளைக் கட்டாயம் போட வேண்டும். ஒன்று போட்டால் வேகம் பாதாளத்துக்குப் போகும். பின்னால் கார்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் மட்டும் 8700ஜியைத் தவிர்ப்பது நல்லது. அதன் மூன்றாம் நிலைக் கேஷ் 16 எம்பிதான், கார்டுக்கு எட்டு பிசிஐஇ பாதைகளே கிடைக்கும். விலை குறைந்த 7600 அந்த வேலையை மேலாகச் செய்யும்.

இன்டெல் பக்கம் நிலவரம் கலவையானது. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 2022 தொடக்கத்தில் வந்த ஐ5-12400எஃப் இன்றும் சிக்கன பட்ஜெட்டுக்கு நல்ல சிப்: ஆறு கோர், அடங்கிய வெப்பம், டிடிஆர்4 ராமையும் ஏற்கும் போர்டுகள். 13, 14ஆம் தலைமுறையின் உயர்வகைச் சிப்களில் மின்னழுத்தக் கோளாறால் கேம்கள் முறிந்து விழுந்த விவகாரம் 2024இல் பெரிதாக வெடித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களின் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் மீட்காது; ஆகவே இந்தத் தலைமுறைச் சிப்பைச் செகண்ட் ஹாண்டில் வாங்குவது சூதாட்டம். புதிதாக வாங்கினாலும் பயாஸை முதலில் அப்டேட் செய்த பிறகே மற்ற வேலை. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 சாக்கெட்டோடு வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை மின்செலவில் முன்னோர்களைவிட அடக்கமானது. வேலைக்கும் கேமுக்கும் பொதுவான கணினியில் அது மோசமில்லை. கேமில் மட்டும் பார்த்தால், வெளியானபோது பல தலைப்புகளில் அது தன் சொந்த 14ஆம் தலைமுறையிடமே தோற்றது.

சாக்கெட்டின் ஆயுளும் இங்கே கணக்கில் வர வேண்டும். சிறிய போர்டுகள் விலை கூடியவை. ஒரே போர்டில் இரண்டு ப்ராசஸர் தலைமுறையை ஓட்ட முடிந்தால் அந்தக் கூடுதல் விலை சமனாகிவிடும். ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027க்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எல்ஜிஏ1700இன் பாதை 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. பழைய ஏஎம்4 சாக்கெட்டும் முட்டுச்சந்துதான். ஆனாலும் கையில் ஏற்கெனவே டிடிஆர்4 ராம் இருப்பவருக்கு, அதிலும் 2025 பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறிய பிறகு, ரைசன் 5 5600 இன்னும் அர்த்தமுள்ள தேர்வு.

இனி மதர்போர்டு. மினி-ஐடிஎக்ஸ் என்பது 17 செ.மீ. சதுரம், தைவானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த அளவு. இதில் ராமுக்கு இரண்டு ஸ்லாட், கார்டுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் கிராபிக்ஸ் கார்டு பிடித்துக்கொள்ளும். வைஃபை கார்டையோ சவுண்டு கார்டையோ பின்னால் செருக இடமே இல்லாததால், வாங்கும் அன்று போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. வைஃபை, முன்பக்க டைப்-சி இணைப்பு, எஸ்எஸ்டிக்கு எத்தனை எம்.2 ஸ்லாட் என்பதை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது எம்.2 பெரும்பாலும் போர்டின் முதுகில் இருக்கும். அதில் எஸ்எஸ்டி மாட்ட மறந்துவிட்டால் கார்டு, கூலர், கேபிள் எல்லாவற்றையும் கழற்றிப் போர்டையே வெளியே எடுக்க வேண்டிவரும். காற்றோட்டம் குறைந்த அந்த இடத்துக்கு வேகம் மிதமான எஸ்எஸ்டியே தகும்.

சிப்செட் விஷயத்தில் சிறிய போர்டு செலவை மிச்சப்படுத்த இடம் தருகிறது. எக்ஸ் வரிசையின் கூடுதல் பாதைகளால் பயன்பெற ஸ்லாட்டுகள் வேண்டும்; மினி-ஐடிஎக்ஸில் அவை இல்லை. எக்ஸ்870இல் கட்டாயமாக வரும் யுஎஸ்பி4 தேவைப்படாதவருக்கு பி650 அல்லது பி850 தாராளம். ஏ620இல் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது, ராமின் வேகத்தை உயர்த்தலாம். எக்ஸ்3டி சிப் கேமில் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் நல்ல ஏ620 போர்டோடும் அது சேரும். உற்பத்தியாளரின் ஆதரவுப் பட்டியலில் அந்தச் சிப் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இன்டெல்லில் எச்610 ராமை ஓவர்கிளாக் செய்ய விடாது, பி760 விடும்.

கார்டைப் போர்டுக்கு முதுகுப் பக்கமாக வைக்கும் கேபினட்டுகளில் இடையில் ஒரு ரைசர் கேபிள் போகும். கட்டி முடித்துப் பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி சுற்றும், திரை மட்டும் வராது என்ற புகாருக்கு இந்தக் கேபிள் அடிக்கடி காரணமாகிறது. கார்டும் போர்டும் பிசிஐஇ 5.0 என்று பேசிக்கொள்ள முயலும்; நடுவில் இருக்கும் 4.0 கேபிள் அந்த வேகத்தைத் தாங்காது. பயாஸில் ஸ்லாட்டை ஜென் 4 என்று மாற்றினால் தீர்ந்தது. ஆனால் பயாஸைப் பார்க்கத் திரை வேண்டுமே! ரைசன் 7600, 7800எக்ஸ்3டி போன்றவற்றில் சிறு கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகி வேலையை முடிக்கலாம். எஃப் என்று முடியும் 7500எஃப், 12400எஃப் சிப்களில் அந்த வசதி இல்லை. கார்டைக் கழற்றி ரைசர் இல்லாமல் நேரடியாக மாட்டித்தான் மாற்ற வேண்டும். ரைசர் கேபினட்டுக்கு எஃப் சிப் வாங்கி மிச்சப்படுத்தும் சொற்பத் தொகை இந்த ஒரு மாலைக்கு ஈடாகாது. பழைய 3.0 ரைசரோடு, எட்டுப் பாதைகளையே பயன்படுத்தும் ஆர்டிஎக்ஸ் 5060 போன்ற கார்டைச் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். வேகம் அங்கே பாதிக்கப்படும்.

ஏஎம்5 கணினி முதன்முறை எழும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ராமுக்கு டிடிஆர்5-6000, 16 ஜிபி குச்சி இரண்டு என்பது இந்தச் சாக்கெட்டுக்குப் பொருத்தமான அளவு. படுக்கைவசக் கூலர் ராம் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அலங்கார விளக்குள்ள உயரமான குச்சிகள் இடிக்கும்.

வாங்கிய சிப் கொஞ்சம் சூடாகவே இருந்தால் பயாஸில் ஈக்கோ மோடு 65 வாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கேமில் இழக்கும் ஃப்ரேம் மிகக் குறைவு, இறங்கும் சத்தம் கணிசம். மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எதிர்மறையாகப் பத்தில் தொடங்கிப் பதினைந்து, இருபது என்று இறக்கி ஒவ்வொரு படியிலும் சோதித்துப் பார்ப்பது அடுத்த நிலை. இன்டெல்லில் நீண்டகால, குறுகியகால மின்வரம்புகள் இரண்டையும் கையால் குறிப்பிட வேண்டும்.

மேசையில் இடம் இருப்பவர் மைக்ரோ-ஏடிஎக்ஸையும் எண்ணிப் பார்க்கலாம். 24.4 செ.மீ. சதுரம், பெரும்பாலும் நான்கு ராம் ஸ்லாட், விலையும் குறைவு. அஸுஸ் ஏபி201 போன்ற 33 லிட்டர் கேபினட்டில் முழு டவர் கூலரே நிற்கும். தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும் எண்ணம் இல்லாதவருக்கு மினி-ஐடிஎக்ஸின் கூடுதல் விலைக்குக் காரணம் சொல்வது கடினம்.

எட்டு லிட்டருக்குள் என்றால் 7600ஐயோ 65 வாட்டுக்குக் கட்டிய 7800எக்ஸ்3டியையோ ஏ620 அல்லது பி650 போர்டில் பொருத்துவது நிறைவான சேர்க்கை. பத்து முதல் பதினைந்து லிட்டரில் 240 மி.மீ. வாட்டர் கூலர் அடங்குமானால் 9800எக்ஸ்3டியும் பி850உம் சேரலாம். இறுக்கமான பட்ஜெட்டில் 12400எஃப்பும் டிடிஆர்4 எச்610 போர்டும், ரைசர் இல்லாத கேபினட்டில். கடையில் நீண்ட நாள் கிடந்த பி650 போர்டோடு 9000 வரிசைச் சிப்பை வாங்குபவர், ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாகப் பயாஸை அப்டேட் செய்யும் ஃப்ளாஷ்பேக் பட்டன் போர்டின் பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பில் போடச் சொல்ல வேண்டும்.